மீன்குஞ்சுக்கு நீந்தத் தெரியாது

"மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா?" என்று நாம் எல்லோரும் ஒருமுறையாவது சொல்லியிருப்போம். கடையில் பத்து வயதுப் பையன் கல்லாவில் உட்கார்ந்து சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்துவிட்டால், செட்டிநாட்டில் அடுத்து விழும் வாசகம் இதுதான். வணிகக் குடும்பத்துப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதற்கு அழகான பழமொழி. மீனைப் பற்றிச் சொன்னால் மட்டும் தவறு. முட்டையை விட்டு அன்று வெளியே வந்த கெண்டைக் குஞ்சு கொஞ்சம் துள்ளி மேலே எழும்பும், பிறகு கீழே அமிழும். மறுபடி துள்ளும், மறுபடி அமிழும். அதற்கு மேல் அதனால் ஒன்றும் முடியாது.

இதை எழுத வைத்தது ஒரு தேநீர்க்கடைப் பேச்சு. தேவகோட்டைப் பக்கம் ஒரு கண்மாயைத் தூர்வாரப் போகிறார்கள் என்று செய்தி. ஒருவர், "ஓரத்துக் கோரையை எல்லாம் வழித்தெறிந்துவிட்டு ஆழமாகத் தோண்டினால் மீன் கொழிக்கும்" என்றார். இன்னொருவர், "ஆற்றில் ஓட்டம் இருந்தால் போதும் அண்ணே, மீன் தானாகப் பெருகும்" என்றார். மூன்றாமவர், "குஞ்சு எல்லா இடத்திலும்தான் திரிகிறது. அதற்கென்று தனியாக இடம் ஏது?" என்று முடித்துவிட்டார். மூன்று பேர் சொன்னதும் வளர்ந்த மீனுக்கு ஓரளவு பொருந்தும். குஞ்சுக்குப் பொருந்தாது. இந்த வேறுபாட்டை அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில் ஒரு சொல். சமவெளி ஆறு என்றால் மலைச்சரிவை விட்டு இறங்கி, தட்டையான நிலத்தில், சிறிய சரிவோடு, மணலும் வண்டலும் படிந்த படுகையில் மெல்லப் போகும் ஆறு. ஐரோப்பாவில் டான்யூப் ஆற்றின் சமவெளிப் பகுதி அப்படிப்பட்டது. நம் பக்கத்தில் தேனாறு, மணிமுத்தாறு, விருசுழியாறு, பாம்பாறு எல்லாமே அப்படித்தான். ஆண்டில் பாதிக்கு மேல் வெறும் மணலாகக் கிடந்து, ஐப்பசி கார்த்திகையில் மட்டும் ஆறு என்ற பெயரைக் காப்பாற்றிக்கொள்பவை. வாய்க்கால் என்று நினைத்து அவற்றைக் கடந்து போய்விடுகிறோம். மீன் அப்படி நினைப்பதில்லை.

தொட்டிலை எங்கே கட்டுவார்கள்?

கல்யாண வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் ஆட்கள் வந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். வளவில், அதாவது உள்முற்றத்தில், பந்தி நடக்கிறது. மூன்று மாதக் குழந்தை ஒன்று வீட்டில் இருக்கிறது. தொட்டிலை எங்கே கட்டுவோம்? முகப்பில் கட்ட மாட்டோம், யாராவது இடித்துவிடுவார்கள். தெருவைப் பற்றிப் பேசவே வேண்டாம். உள்ளே இரண்டாம் கட்டுக்குள், தூண் மறைவில், காற்று வருகிற மூலையில், பால் காய்ச்சும் அடுப்படிக்குப் பக்கத்தில் கட்டுவோம். அதே வீட்டில் இருபது வயதுப் பையன் எங்கும் திரியலாம். வீடு ஒன்றுதான். ஆனால் குழந்தைக்கு அந்த வீட்டில் ஒரே ஒரு மூலைதான் இருக்கிறது.

ஆற்றிலும் அப்படித்தான். குஞ்சைச் சிறிய மீன் என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. குஞ்சுக்கு முதல் சில நாட்களில் துடுப்புகள் முழுமையாக இருக்காது. செவுள் முழுமையாக வேலை செய்யாமல், பெரும்பாலும் தோல் வழியாகவே மூச்சு விடும். வயிற்றில் கட்டுச்சோற்று மூட்டைபோல ஒரு மஞ்சள் பை தொங்கும். இதற்குக் கருவுணவுப் பை என்று பெயர். கட்லா, ரோகு போன்ற பெருங்கெண்டைகளில் இந்தக் கட்டுச்சோறு ஏறத்தாழ 3 நாட்களில் தீர்ந்துவிடும். அதற்குள் குஞ்சு தானாக இரை பிடிக்கக் கற்றிருக்க வேண்டும்.

மீன்துறையினர் இந்தப் பருவங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். பொரித்துச் சில நாளே ஆனது நுண்குஞ்சு. இரண்டு மூன்று சென்டிமீட்டர் வளர்ந்தது இளங்குஞ்சு. விரல் நீளம் ஆனது விரலி. பண்ணையில் விலைப்பட்டியல் போடத்தான் இந்தப் பிரிவு. ஆற்றிலோ இவை மூன்றும் மூன்று வெவ்வேறு பிராணிகள் என்று சொன்னாலும் தகும். அவ்வளவு வேறுபட்ட இடங்களில் அவை வாழும்.

மணிக்கு 306 கிலோமீட்டர் காற்று

ஓட்டம் குஞ்சுக்கு என்ன செய்கிறது என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். நடு ஆற்றில் நீர் நொடிக்கு 50 சென்டிமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் நடக்கும் வேகத்தில் பாதிக்கும் குறைவு. முழங்கால் அளவு நீரில் நின்றால் சுகமாக இருக்கும். ஆனால் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள குஞ்சுக்கு அது நொடிக்கு 50 உடல் நீளம். 1.7 மீட்டர் உயரமுள்ள மனிதனுக்கு இதே அளவைப் பொருத்தினால் நொடிக்கு 85 மீட்டர் வரும். அதாவது மணிக்கு 306 கிலோமீட்டர். 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டையின் தென்னைகளையும் மாமரங்களையும் சாய்த்ததைப் பார்த்தவர்களுக்குக் காற்று என்றால் என்னவென்று தெரியும். அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான வேகம் இது.

குஞ்சால் நொடிக்குச் சில உடல் நீளம்தான் நீந்த முடியும். ஒரு சென்டிமீட்டர்க் குஞ்சுக்கு நொடிக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை ஓட்டம் உள்ள நீர்தான் தாங்கக்கூடியது. இன்னொரு தொல்லையும் உண்டு. அவ்வளவு சிறிய உடலுக்குத் தண்ணீர் தண்ணீராக இருக்காது. கருப்பட்டிப் பாகில் கையை அளைவதுபோல ஒட்டும். பெரிய மீன் ஒருமுறை வாலை வீசிவிட்டுச் சற்று தூரம் வழுக்கிக்கொண்டு போகும். குஞ்சு வாலை நிறுத்திய கணமே நின்றுவிடும். ஓட்டத்தை எதிர்த்து நிற்பதற்கே தின்றது எல்லாம் செலவாகிவிட்டால், வளர்வதற்கு என்ன மிஞ்சும்?

நல்லவேளையாக ஆறு எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. தேரோட்டத்தன்று ரத வீதியில் நடுவில் வரும் கூட்டம் தள்ளிக்கொண்டு நகரும். திண்ணையை உரசிக்கொண்டு வருபவர்கள் நகரவே மாட்டார்கள். ஆற்று நீரும் படுகையோடும் ஓரத்தோடும் உரசுகிற இடத்தில் வேகம் இழக்கும். இப்படி மந்தமாகிப்போன நீரின் மெல்லிய அடுக்குக்கு எல்லைப்படலம் என்று பெயர். ஓரத்தில் கோரை, நாணல், நீரில் விழுந்த கிளை, வேர், குழி ஏதாவது இருந்தால் அந்த மந்தம் இன்னும் அகலமாகும். ஓரம் வளைந்து உள்வாங்கியிருந்தால் நீர் அங்கே சுழன்று சிறிது நேரம் தங்கிவிட்டே போகும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: குஞ்சால் ஓட்டத்தை எதிர்க்க முடியாது. ஆகவே ஓட்டமில்லாத இடம் அதற்கு வசதி அல்ல, உயிர்நிலை. அந்த இடம் ஆற்றின் ஓரத்தில், ஒழுங்கற்ற மூலைகளில் கிடைக்கிறது.

வாயளவு இரை

நார்வே நாட்டு மீனியல் அறிஞர் யோஹான் யோர்ட் 1914இல் ஒரு கேள்வி கேட்டார். கடலில் சில ஆண்டுகள் மீன் குவிகிறது, சில ஆண்டுகள் இல்லை. இத்தனைக்கும் முட்டை எல்லா ஆண்டும் ஏராளமாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் இப்படி? கருவுணவுப் பை தீர்ந்து முதல் இரையைத் தேடும் அந்தச் சில நாட்களில் இரை கிடைத்ததா இல்லையா என்பதில்தான் விடை இருக்கலாம் என்றார். அவர் பேசியது கடல் மீனைப் பற்றி. ஆறுகளுக்கும் இந்த எண்ணத்தைப் பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

குஞ்சின் வாய் அகலம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வாய்க்குள் போகாததை அது தின்ன முடியாது. எனவே முதல் உணவு ரோட்டிஃபர் போன்ற, கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுயிர்கள். கொஞ்சம் வளர்ந்ததும் டாஃப்னியா என்ற, துள்ளித் துள்ளி நீந்தும் புள்ளியளவு உயிர். நீரோடு மிதந்து திரியும் இந்தக் கூட்டத்துக்கு மிதவை நுண்ணுயிர்கள் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

அந்த மிதவை நுண்ணுயிர்களாலும் ஓட்டத்தில் நிற்க முடியாது என்பதுதான் இதில் நேர்த்தியான முடிச்சு. அவை பெருக நாட்கள் வேண்டும். நீர் ஓரிடத்தில் எத்தனை நாள் தங்குகிறதோ அத்தனை நாள்தான் அவற்றுக்குக் குடும்பம் நடத்த நேரம். ரோட்டிஃபர் ஓரிரு நாளில் பெருகும். டாஃப்னியாவுக்கு அதைவிட அதிகம் வேண்டும். நடு ஆற்றில் நீர் தங்குவதே இல்லை. ஓரத்து மந்தநீரில் தங்குகிறது. ஆக, குஞ்சை அடித்துக்கொண்டு போகாத அதே இடம்தான் அதன் சோற்றையும் சமைக்கிறது. தொட்டிலும் அடுப்படியும் பக்கத்தில் இருப்பது இப்படித்தான். இதை வியன்னாவில் டான்யூப் ஆற்றை ஆராய்ந்தவர்கள் 'ஓரத்தேக்கம்' என்ற பொருளில் ஒரு கருத்தாக வடித்தார்கள். ஓரம் எவ்வளவு வளைந்து நெளிந்து நீரைப் பிடித்து வைக்கிறதோ, அவ்வளவு குஞ்சை அந்த ஆறு வளர்க்கும் என்பது அதன் சாரம்.

கொக்கும் விராலும்

ஆழமில்லாத நீரில் குஞ்சு நிற்பதற்கு இன்னொரு காரணம், பெரிய மீன் அங்கே வர முடியாது. கணுக்கால் அளவு நீரில் இரண்டு கிலோ விரால் முதுகு தெரிய வந்து மாட்டிக்கொள்ள விரும்பாது. ஆனால் கொக்கு விரும்பும். திருப்பத்தூருக்குப் பக்கத்தில் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களில் மழைக்காலத்துக்குப் பின் வந்து தங்கும் நாரைகளும் கொக்குகளும் எதைத் தின்று குஞ்சு பொரிக்கின்றன? அவற்றுக்குத் தொந்தரவு ஆகக்கூடாது என்று ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அது நமக்குப் பெருமை. மீன்குஞ்சிடம் கேட்டால் வேறு மாதிரிச் சொல்லும்.

எனவே கணக்கு இரண்டு பக்கமும் இடிக்கிறது. ஆழத்துக்குப் போனால் விரால், வாளை. மேட்டுக்குப் போனால் கொக்கு, மீன்கொத்தி. இரண்டுக்கும் நடுவில் ஒரு தீர்வு உண்டு. ஆழம் குறைவு, ஆனால் மேலே மறைப்பு. கோரையும் அல்லி இலையும் வேலம்பாசியும் இருக்கும் இடம். தண்டுகளின் இடைவெளியில் குஞ்சு நுழையும், பெரிய மீன் நுழையாது, மேலிருந்து பறவைக்கும் தெளிவாகத் தெரியாது.

எல்லாச் செடியும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆகாயத்தாமரை கண்மாய் முழுதும் பாய் விரித்தாற்போல மூடிவிட்டால் வெளிச்சம் உள்ளே இறங்காது, கீழே மூச்சுக்காற்று வறண்டுவிடும். பச்சையாக இருப்பதை எல்லாம் காப்பாற்று என்று நான் சொல்லவில்லை. அங்கங்கே திட்டாக, இடையிடையே திறந்த நீரோடு நிற்கும் கோரை வேறு. கம்பளம் போட்டதுபோல் மூடிய ஆகாயத்தாமரை வேறு.

விரால் இந்தச் சிக்கலுக்கு வேறொரு வழி கண்டுபிடித்திருக்கிறது. தாயும் தந்தையும் குஞ்சுகளைக் காவல் காக்கும். செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரே உருண்டையாகத் திரண்டு நீர்ப்பரப்பில் நகர்வதை நம் கண்மாய்களில் பார்த்திருப்பீர்கள். அந்த உருண்டைக்குக் கீழே பெற்றோர் நிற்கும். அந்த நேரத்தில் தூண்டில் போட்டு விராலைத் தூக்கினால் கிடைப்பது ஒரு குழம்பு, போவது ஒரு கூட்டம். 1952இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட சிலேபிக் கெண்டையின் தாயோ இன்னும் ஒரு படி மேல். முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அது எங்கும் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றக் கெண்டைகளுக்கு இந்த வசதி கிடையாது. அவற்றுக்குப் புல்தான் தாய்.

வெப்பமும் மூச்சும்: இங்கே புத்தகம் பொருந்தாது

ஐரோப்பிய ஆறுகளைப் பற்றிப் படித்தால், "குஞ்சு வெதுவெதுப்பான ஓரத்தை விரும்பும்" என்று அடிக்கடி வரும். மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பம்தான். நீர் 10 டிகிரி ஏறினால் உடலுக்குள் நடக்கும் வேதிவேலைகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகும். குளிர்நாட்டில் ஓரத்து ஆழமில்லாத நீர் வெயிலில் சீக்கிரம் சூடேறும். அங்கே நிற்கும் குஞ்சு வேகமாக வளரும், வேகமாக வளர்ந்தால் வாயும் பெரிதாகும், எதிரிகளும் குறைவார்கள். சரிதான்.

ஆனால் இதை அப்படியே காரைக்குடிக்குக் கொண்டுவந்து ஒட்டக்கூடாது. நமக்கு வெப்பம் பற்றாக்குறையாக இருந்ததே இல்லை. இங்கே கழுத்தை நெரிப்பது மூச்சு. 20 டிகிரி நீர் ஒரு லிட்டரில் சுமார் 9.1 மில்லிகிராம் உயிர்வாயுவைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது சுமார் 7.6ஆகக் குறையும். உடலுக்குத் தேவை ஏறுகிற அதே நேரத்தில் இருப்பு குறைகிறது. பகலில் நீர்ச்செடிகள் உயிர்வாயுவை விடும், இரவில் அவையும் நம்மைப்போல எடுத்துக்கொள்ளும். எனவே விடியற்காலையில்தான் இருப்பு மிகக் குறைவு. கோடையில் அதிகாலை ஊருணிப் படியில் நின்று பார்த்தால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். தாகம் என்று எங்கள் ஆயா சொல்வார். மூச்சுத் திணறல் அது.

விரால், குறவை, பனையேறிக் கெண்டை, தேளி ஆகியவை வெளிக்காற்றையும் மூச்சாக எடுக்கும். அவற்றின் குஞ்சுகளும் சற்று வளர்ந்தபின் தப்பித்துக்கொள்ளும். கெண்டைக் குஞ்சுக்கு அந்த வழி இல்லை.

சுருக்கிச் சொன்னால், குஞ்சு தேடும் இடத்தில் நீர் மந்தமாக இருக்க வேண்டும், சிற்றிரை இருக்க வேண்டும், பெரிய மீனுக்கு எட்டக்கூடாது, பறவைக்குத் தெரியக்கூடாது, மூச்சும் இருக்க வேண்டும். இவை ஐந்தும் ஒரே இடத்தில் முழுமையாகக் கிடைப்பது அபூர்வம். ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிப்பதுதான் குஞ்சின் நாளாந்த வேலை.

இருப்பு வேறு, விருப்பு வேறு

இப்போது தேநீர்க்கடையின் மூன்றாமவரிடம் வருவோம். "குஞ்சு எல்லா இடத்திலும்தான் திரிகிறது" என்றார் அல்லவா? அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். பார்த்ததிலிருந்து எடுத்த முடிவில்தான் கோளாறு.

இரவு பத்து மணிக்குக் காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் இருநூறு பேர் நிற்கிறார்கள். அதைப் பார்த்து, மக்களுக்குப் பேருந்து நிலையம் மிகவும் பிடித்திருக்கிறது என்று எழுதினால் சிரிப்பார்கள். ஓரிடத்தில் இருப்பது வேறு, அந்த இடத்தை விரும்புவது வேறு. வாழிட விருப்பம் என்ற சொல்லை ஆராய்ச்சியாளர்கள் கவனமாகத்தான் பயன்படுத்துகிறார்கள். ஓர் இடம் எவ்வளவு கிடைக்கிறதோ அந்தப் பங்கைவிட அதிகமாக மீன் அதைப் பயன்படுத்தினால் மட்டுமே அதற்குப் பெயர் விருப்பம்.

கற்பனையாக ஓர் ஆற்றோரம் எடுத்துக்கொள்வோம். 100 மீட்டர் நீளம். அதில் 90 மீட்டர் வெறும் மணல், 10 மீட்டர் கோரை. வலைபோட்டு 100 குஞ்சுகளை எண்ணுகிறோம். மணலில் 60, கோரையில் 40. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர், "மணல்தான் பிடிக்கிறது, அங்கேதான் அதிகம்" என்பார். பங்கைப் பாருங்கள். நூற்றில் 10 பங்கு இடமே உள்ள கோரையில் 40 பங்கு குஞ்சு. 40ஐ 10ஆல் வகுத்தால் 4. மணலில் 60ஐ 90ஆல் வகுத்தால் 0.67. ஒன்றுக்கு மேல் வந்தால் விருப்பம், ஒன்றுக்குக் கீழ் வந்தால் தவிர்ப்பு. ஒரு மீட்டர் கோரை, ஒரு மீட்டர் மணலைப்போல ஆறு மடங்கு குஞ்சைத் தாங்குகிறது. பயன்பாட்டுப் பங்கை இருப்புப் பங்கால் வகுக்கும் இந்த எண்ணுக்குத் தேர்வு விகிதம் என்று பெயர். இதற்குமேல் கணக்கு வேண்டாம்.

இந்த 10 மீட்டர் கோரையை ஒருவர் "சுத்தம்" செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றில் 10 பங்கு ஓரம்தானே போயிற்று என்று தோன்றும். குஞ்சுகளில் 40 பங்கு வீடு இழந்துவிட்டது. தூர்வாரும் பேச்சில் நான் எரிச்சல் அடைவது இந்த இடத்தில்தான். தூர்வாருவதே தவறென்று சொல்பவன் அல்ல நான். வண்டல் மேடிட்ட கண்மாயில் வாளை என்ன, தவளைகூடக் கோடையைத் தாண்டாது. ஆனால் பொக்லைன் ஓட்டுபவருக்கு ஓரம் எல்லாம் ஒரே ஓரம். சரிவாக இருந்ததைச் செங்குத்தாக வெட்டி, பெட்டிபோல நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். பார்க்கத் தெப்பக்குளம் மாதிரி நேர்த்தியாக இருக்கும். குஞ்சுக்கு அதில் காலூன்ற ஓர் அங்குலம் இருக்காது.

விருப்பத்தை அளப்பதில் இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, வலை. மணலில் இழுவலை சீராக வரும், கோரையில் சிக்கும். ஆகவே கோரையில் உள்ள குஞ்சு எப்போதும் குறைவாகவே எண்ணப்படும், உண்மையான விருப்பம் கணக்கில் வருவதைவிடக் கூடுதலாக இருக்கும். இரண்டு, வற்புறுத்தல். நல்ல மறைவிடத்தில் விரால் குடியேறிவிட்டால் குஞ்சு இரண்டாம் தர இடத்துக்கு ஒதுங்கும். அதை அங்கே பார்த்துவிட்டு அதுதான் பிடித்த இடம் என்று எழுதினால், வாடகை தாங்காமல் ஊருக்கு வெளியே குடிபோனவரை இயற்கை விரும்பி என்று புகழ்வதுபோல ஆகும்.

வயது ஏற ஏற இடம் மாறும்

ஒரே குஞ்சின் விருப்பமும் நிலையானதன்று. பொரித்த வாரத்தில் ஒரு சாண் ஆழத்து மந்தநீர். துடுப்பு முளைத்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆனதும் கோரைத் திட்டின் வெளிவிளிம்பு. விரலி ஆனபின் மெல்லிய ஓட்டத்தின் அருகே, ஓட்டம் கொண்டுவரும் இரையைக் கொத்திக்கொள்ள வசதியாக. இதற்கு வளர்ச்சிவழி இடமாற்றம் என்று பெயர். நாளுக்குள்ளேயும் மாற்றம் உண்டு. பகலில் செடிக்குள் ஒளிந்திருந்த குஞ்சுகள் அந்திப்பொழுதில் திறந்த நீருக்கு வருவதைப் பல ஆறுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். பகல் பதினொரு மணிக்கு எண்ணியவருக்கும் இரவு எட்டு மணிக்கு எண்ணியவருக்கும் ஒரே விடை வராது.

இனத்துக்கு இனமும் மாறும். அயிரை புல்லைத் தேடாது, மெல்லிய மணலைத் தேடும், ஆபத்து வந்தால் மணலுக்குள் புதைந்துகொள்ளும். உளுவை அடித்தரையோடு ஒட்டிக் கிடக்கும். மணலை முழுதும் அள்ளிவிட்ட ஆற்றில் அயிரைக் குழம்பு ஏன் விலை ஏறியது என்று கேட்பவர்களுக்கு விடை இதில் ஒரு பகுதி. ஆகவே ஓர் ஆற்றுக்கு நல்ல ஓரம் என்றால் புல் மட்டும் அல்ல. புல், மணல், குழி, விழுந்த மரம் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் கலந்து கிடக்க வேண்டும், குஞ்சு வளர வளர ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகர்வதற்கு.

ஆறு கரை புரள்வதும் கண்மாயின் உள்வாயும்

உலகின் பெரிய சமவெளி ஆறுகளில் குஞ்சுகளுக்கு மிகச் சிறந்த இடம் ஆற்றுக்குள் இல்லை, வெளியே இருக்கிறது. வெள்ளம் கரை புரண்டு அக்கம்பக்கத்துத் தாழ்நிலத்தில் பரவும். அங்கே நீர் ஆழமில்லாமல், மந்தமாக, புல் மூழ்கி நிற்கும். அந்த வெள்ளப் பரப்பில் மீன் முட்டையிடும், குஞ்சு வளரும், வெள்ளம் வடியும்போது ஆற்றுக்குத் திரும்பும். அமேசான் உள்ளிட்ட ஆறுகளை வைத்து 1989இல் யுங்க், பெய்லி, ஸ்பார்க்ஸ் என்ற மூவர் இதை வெள்ளத் துடிப்பு என்ற கருத்தாக முன்வைத்தார்கள். இதயம் துடிப்பதுபோல ஆறு விரிந்து சுருங்குவதுதான் அதன் வளம் என்றார்கள்.

அந்தத் துடிப்பை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு வியன்னா ஒரு பாடம். 1870 முதல் 1875 வரை அங்கே டான்யூப் ஆற்றை நேராக்கிக் கரை கட்டினார்கள். நகரத்துக்கு வெள்ளத்திலிருந்து காவல் கிடைத்தது, கப்பல் போக வழி கிடைத்தது. கிளைகளும் தேக்கங்களும் ஆற்றிலிருந்து அறுந்தன. 1996இல் அங்கே தேசியப் பூங்கா ஒன்றை அமைத்தபின், அறுந்த கிளைகள் சிலவற்றை மறுபடி ஆற்றோடு இணைத்து வருகிறார்கள்.

பெருங்கெண்டைகள் இந்தத் துடிப்புக்கு எவ்வளவு கட்டுப்பட்டவை என்றால், குளத்தில் விட்டால் நன்றாகத் தின்று கொழுக்கும், முட்டை மட்டும் இடாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் மீன் ஆய்வாளர் ஹீராலால் சவுத்ரி, மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசிவழி செலுத்தி அவற்றை முட்டையிட வைத்தார். தேசிய மீன் விவசாயிகள் நாள் ஜூலை 10இல் வருவது அதனால்தான். நம் கண்மாயில் ஆண்டுதோறும் கட்லா, ரோகு குஞ்சுகளை வாங்கி விட வேண்டியிருப்பதும் அதனால்தான். நாட்டுக் கெண்டைக்கும் கெளுத்திக்கும் அயிரைக்கும் ஊசி வேண்டாம். அவற்றுக்குப் புதுத்தண்ணீரும் நல்ல ஓரமும் போதும்.

நம் ஆறுகளுக்கு வெள்ளப் பரப்பு எங்கே என்று கேட்கலாம். என் கருத்தில் கண்மாய்கள்தான் அது. இந்தப் பக்கத்தில் நம் முன்னோர் ஆற்றை மறித்துப் பெரிய அணை கட்டவில்லை. வரத்துக்கால் வழியாக ஒரு கண்மாய்க்குள் விரித்து, நிரம்பியதும் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்கு அனுப்பினார்கள். சங்கிலியாக. ஆறு புரண்டு பரவ வேண்டிய வேலையைக் கண்மாய் செய்கிறது. முதல் பெருமழைக்குக் கலுங்கு மறுகால் பாயும்போது மீன் எதிர்த்து ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். வயிறு நிறையச் சினையோடு அது ஏறுவது, மேலே குஞ்சுக்கு இடம் தேடித்தான். அந்த வாயிலிலேயே வலையைக் கட்டிக் காத்திருப்பதும் நாம்தான்.

இங்கே ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். புத்தகத்தில் "கரையோரம் குஞ்சு நிற்கும்" என்று படித்துவிட்டுக் கண்மாய்க் கரையில் போய்த் தேடினால் கிடைக்காது. கண்மாயில் கரை என்றால் மண்ணைக் கொட்டி எழுப்பிய அணை. மடை இருக்கும் அந்தப் பக்கம்தான் ஆழம் அதிகம். குஞ்சுக்கான ஓரம் எதிர்ப்பக்கம், வரத்துக்கால் நுழையும் உள்வாய். நிலம் மெல்லச் சரிந்து தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் கோரையும் அருகும் மூழ்கி நிற்கும் பகுதி. கோடையில் அதைப் பார்த்தால் பயனற்ற புறம்போக்குபோலத் தெரியும். ஆக்கிரமிப்பு முதலில் விழுவதும் அங்கேதான். மடைப்பக்கம் யாரும் வேலி போடுவதில்லை.

உள்வாயில் குஞ்சுக்கு ஆபத்தும் உண்டு. தண்ணீர் சட்டென்று இறங்கினால் பள்ளங்களில் மாட்டிக்கொள்ளும், பள்ளம் வற்றும், காகமும் கொக்கும் பந்தி வைக்கும். எனவே நீர் மெதுவாக இறங்குவதும் குஞ்சுக்கு முக்கியம். மடையை ஒரே நாளில் முழுதும் திறப்பதற்கும் சிறிது சிறிதாகத் திறப்பதற்கும் உள்ள வேறுபாடு வயலுக்கு மட்டுமானதல்ல.

நீங்களே பார்க்க

கார்த்திகை மாதத்தில் மழைவிட்ட ஒரு காலை, ஒரு வெள்ளைத் துண்டும் வெள்ளைத் தட்டும் எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போங்கள். நீந்தத் தெரிந்த இரண்டு பெரியவர்கள் சேர்ந்து போவது நல்லது, கரைப்பக்க ஆழத்தில் இறங்க வேண்டாம். உள்வாயில் கோரை நிற்கும் இடம், அதே பக்கத்தில் வெறும் மண் தெரியும் இடம், வரத்துக்கால் பாயும் வாய் என்று மூன்று இடம். ஒவ்வோர் இடத்திலும் துண்டை இருவர் நான்கு மூலையிலும் பிடித்துத் தாழ அமிழ்த்தி, பத்து எண்ணும் வரை அசையாமல் இருந்து, மெல்ல உயர்த்துங்கள். சிறுவயதில் எல்லோரும் செய்ததுதான். தட்டில் நீர் ஊற்றிக் குஞ்சை அதில் விட்டு எண்ணிக்கொண்டு, எடுத்த இடத்திலேயே உடனே விட்டுவிடுங்கள்.

நான் சென்ற ஆண்டு இப்படி எண்ணியபோது கோரையில் முப்பத்தொன்று, வெறும் மண்ணில் நான்கு, வரத்துக்கால் வாயில் ஒன்றும் இல்லை. கோரையில் துண்டு இருமுறை சிக்கியது. ஆகவே முப்பத்தொன்று என்பதையும் குறைவான கணக்காகவே எழுதி வைத்திருக்கிறேன்.